மூணாறு ஏற்றத்தில் இரண்டு புல்லட்டுகள்: வார்ப்பிரும்பு எஞ்சினும் ஜே வரிசை எஞ்சினும்

எஞ்சினின் ஓசை மனித உடலை ஏன் இப்படித் தொடுகிறது என்ற கேள்வி உலகெங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை முன்வைத்தே பேசப்பட்டு வருகிறது; ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் நெடுங்காலம் நிலவிய இந்தியாவில் அத்தகைய கார்கள் சாலையில் அரிதாகவே தென்பட்டன என்பதால், தமிழ் வாசகர் அந்தக் கேள்வியைத் தம் காதோடும் கையோடும் பொருத்திப் பார்க்க ஏற்ற வண்டி சென்னைத் திருவொற்றியூரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின; தாய் நிறுவனம் 1970 வாக்கில் மறைந்துபோன பிறகும் சென்னை ஆலை அதே வார்ப்பிரும்பு எஞ்சினைத் தொடர்ந்து வார்த்துக்கொண்டிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய 2010-ஐ ஒட்டித்தான் அதன் உற்பத்தி நின்றது. அதே பெயரைத் தாங்கி, முழுவதும் வேறான ஜே வரிசை எஞ்சினுடன் 2023 செப்டம்பரில் இன்றைய புல்லட் 350 வந்தது. இவ்விரண்டையும் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை, ஆனயிறங்கல், கேப் ரோடு, தேவிகுளம் வழியாக மூணாறு வரை ஒரே சாலையில் ஏற்றிப் பார்த்தால், பழையதன் மீதான மோகத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கம் என்பது தெளிவாகவே பிரிந்துவிடுகிறது.

முதலில் ஓசையின் கணக்கைப் பார்க்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் என்பது காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளையும் பிஸ்டனின் நான்கு ஓட்டங்களில், அதாவது கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுகளில், செய்து முடிப்பது. ஆகவே புல்லட்டைப் போன்ற ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு வெடிப்பு மட்டுமே நிகழ்கிறது. பழைய புல்லட் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்றபடி ஓடுகையில் நொடிக்கு ஏழு வெடிப்புகூட முழுதாக வருவதில்லை. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுக்குக் கீழ் வருவதைத் தொடர்ந்த சுரமாகக் கேட்காமல் தனித்தனி அடியாகவே கேட்கிறது. அந்த எல்லையை ஒற்றை சிலிண்டர் எஞ்சின் தாண்ட நிமிடத்துக்கு 2,400 சுற்று வேண்டும். அதற்குக் கீழே புல்லட் எழுப்புவது எண்ணத்தக்க அடிகளின் வரிசை. பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட பழைய ஃபெராரி ஒன்று 8,000 சுற்றில் நொடிக்கு 800 வெடிப்புகளை எழுப்புகிறது. அது உச்ச ஸ்தாயியில் நிற்கும் சுரம். அந்தக் கார் சுருதி என்றால் புல்லட் தாளம் என்று கொள்வது பொருந்தும். இரண்டுமே உடலைத் தொடுகின்றன என்றாலும் தொடும் வழி வேறு, மூணாறு ஏற்றத்தில் பயன்படுவதும் வேறு.

பழைய எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி, ஆற்றல் 18 குதிரைத்திறன். விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருக்கும் இத்தகைய எஞ்சின் வேகமாகச் சுழல விரும்பாது. அதனோடு பிணைந்த கனமான ஃப்ளைவீல், அதாவது ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே சுழற்சி தளராமல் காக்கும் இரும்புச் சக்கரம், குறைந்த சுற்றிலும் எஞ்சினை அணையவிடாமல் இழுத்துச் செல்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரையுள்ள 17 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் பொருள் விளங்கும். வளைவின் உள்பக்கச் சரிவில் வேகம் மிகக் குறைந்து, வேறு வண்டிகள் கியரைக் குறைக்கச் சொல்லித் திணறும் இடத்தில், பழைய புல்லட் இரண்டாம் கியரிலேயே ஒவ்வோர் அடியாக வைத்து மேலேறுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் அடிகளுக்கு இடையிலான இடைவெளி சுருங்குவதைக் காது உணர்வதற்கு முன்பே கால்மிதியும் கைப்பிடியும் உணர்ந்துவிடுகின்றன. வேகமானி தேவையற்றதாகிறது. வலக்காலால் மாற்றும் நான்கு கியர்களும், முதல் கியருக்கு மேலே தூக்கி மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டிய முறையும் புதிதாக ஏறுபவரைத் தடுமாறச் செய்யும் என்பது உண்மையே. பழகியவருக்கோ அது கையெழுத்து மாதிரி ஊறிப்போன ஒன்று.

இந்த வண்டியை உதைத்துக் கிளப்பும் முறையே அதன் இயல்பை முழுதாகக் காட்டிவிடுகிறது. குளிர்ந்த மூணாறுக் காலையில் சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், முகப்பு விளக்குக்கு மேலுள்ள ஆம்ப் மீட்டர், அதாவது பேட்டரிக்குள் போகும் மின்னோட்டத்தையும் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தையும் காட்டும் சிறு மானி, தன் முள்ளை ஒருபக்கம் சாய்த்துப் பின் நடுவுக்குக் கொண்டுவருகிறது. முள் நடுவில் நின்ற கணத்தில் பாயின்ட், அதாவது தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனை, திறந்திருக்கிறது, பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியை ஒட்டி நிற்கிறது என்று பொருள். அப்போது இடக்கையின் சிறு நெம்புகோலான டீகாம்பிரஷரைப் பிடித்தால் சிலிண்டரில் அடைபட்ட காற்று வெளியேறும்; பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே வீச்சில் மிதிக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஓட்டுபவர் எஞ்சினுக்குள் நடப்பதை மனத்தில் கண்டால்தான் வண்டி கிளம்பும் என்ற இந்த நிர்ப்பந்தமே பழைய இயந்திரத்தின் ஈர்ப்புக்கு வேர். சத்தத்தின் அளவு அதில் சிறு பங்குதான்.

புதிய புல்லட்டில் கிக்கரே இல்லை. பொத்தானை அழுத்தினால் முதல் சுற்றிலேயே எஞ்சின் விழிக்கிறது. சென்னையிலும் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலும் உள்ள ராயல் என்ஃபீல்டு தொழில்நுட்ப மையங்களின் பணியில் உருவான ஜே வரிசையின் விட்டம் 72 மில்லிமீட்டர், ஓட்டம் 85.8 மில்லிமீட்டர், கொள்ளளவு 349 சிசி, ஆற்றல் 6,100 சுற்றில் 20.2 குதிரைத்திறன், முறுக்குவிசை 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர். ஓட்டம் இன்னமும் விட்டத்தைவிட நீளமாகவே விடப்பட்டிருப்பதும், ஒற்றை சிலிண்டர் அப்படியே நீடிப்பதும் தற்செயலாக நேர்ந்தவையாகத் தெரியவில்லை. அந்த அடி காதில் விழ வேண்டும் என்ற அக்கறை வடிவமைப்பில் இருக்கிறது. சைலன்சரிலிருந்து வரும் ஒலி தாழ்ந்தும் திரண்டும் இருக்கிறது, கேட்க இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் பேலன்சர் தண்டு ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. பிஸ்டன் மேலும் கீழும் பாய்வதால் எழும் உதறலுக்கு எதிர்த்திசையில் சுழன்று அதை ஈடுசெய்யும் எடைதான் பேலன்சர் தண்டு எனப்படுவது. இதனால் தாளம் காதுக்கு எட்டுகிறது, உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் எட்டுவதில்லை. பழைய புல்லட்டில் நடுங்கி மங்கும் கண்ணாடியில், புதியதில் பின்னால் வரும் ஜீப்பின் எண்ணைப் படிக்க முடிகிறது. இழப்பும் ஆதாயமும் ஒரே தண்டிலிருந்து பிறக்கின்றன.

ஸ்போர்ட்ஸ் கார் உலகமும் இதே இழப்பை வேறு வகையில் சந்தித்திருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயம் 2014-இல் 2.4 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கைவிட்டு 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ பொருத்திய கலப்பின எஞ்சினுக்கு மாறியபோது, புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ விசிறியே ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதியை உண்டுவிட்டது. ரசிகர்கள் வெளிப்படையாகவே வருந்தினார்கள். பிஎம்டபிள்யூ 2011-இல் கொண்டுவந்த எம்5 காரில் எஞ்சினின் ஓசை உள்ளிருக்கும் ஒலிபெருக்கிகள் வழியாக மிகுத்துக் கேட்கச் செய்யப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டில் செவி நிறையலாம். ஆனால் பழைய எஞ்சினின் ஓசை ஓட்டுபவருக்குச் செய்தி சொல்கிறது: வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி கூடினால் டிக்டிக் என்கிறது, ஏற்றத்தில் சுமை மிஞ்சினால் உள்ளே கல் உருட்டுவதுபோல் தட்டுகிறது, பாயின்ட் கருகினால் இடையிடையே ஓர் அடியைத் தவறவிடுகிறது. ஒலிபெருக்கி தரும் ஓசைக்கு இந்தப் பொறுப்பு எதுவும் கிடையாது. ஜே வரிசை எஞ்சின் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் ஓசை உண்மையான ஓசைதான், ஆனால் பிழையைச் சொல்லும் வேலையை எச்சரிக்கை விளக்கிடம் ஒப்படைத்துவிட்டது.

உயரம் கூடக்கூட புதியதன் மேன்மை மறுக்க முடியாததாகிறது. மூணாறு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பழைய புல்லட்டின் கார்புரேட்டர், அதாவது உறிஞ்சப்படும் காற்றில் பெட்ரோலைச் சிறு துளைகள் வழியே கலக்கும் கருவி, இந்தக் குறைவை அறியாது. சமவெளியில் வைத்த அளவிலேயே பெட்ரோலைத் தருவதால் கலவை கொழுத்துப் போகிறது. தேவிகுளம் தாண்டி வண்டியை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், போடியில் காப்பித்தூள் நிறத்தில் இருந்த அதன் முனை கரி படிந்து கறுத்திருப்பதைக் காணலாம். இழுவை குறைந்து, நின்றபடி ஓடும்போது அடி குழறுவதற்கும் அதுவே காரணம். புதிய வண்டியின் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு உள்வரும் காற்றின் அழுத்தத்தையும் வெளியேறும் புகையில் எஞ்சிய ஆக்சிஜனையும் அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. காற்றே குறைவதால் அதன் ஆற்றலும் சிறிது குறையத்தான் செய்கிறது, ஆயினும் ஓட்டத்தில் குழப்பம் இல்லை.

இறக்கத்தில் வேறுபாடு இன்னும் பெரிது, இங்கே பழையதற்காக வாதாட இடமே இல்லை. பழைய புல்லட்டில் உள்ள டிரம் பிரேக் என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள மூடிய உருளைக்குள் கட்டைகள் விரிந்து உரசுவது; அடுத்தடுத்த வளைவுகளில் பிடித்தால் வெப்பம் வெளியேற வழியின்றி பிடிமானம் தளர்ந்துவிடும். நீண்ட ஓட்ட எஞ்சினின் இழுத்துப் பிடிக்கும் குணத்தை நம்பிக் கியரிலேயே இறங்கத் தெரிந்தவர் மட்டுமே பழைய புல்லட்டைப் போடிமெட்டிலிருந்து நிம்மதியாகக் கீழே கொண்டுசெல்ல முடியும். புதியதில் முன்பக்கம் 300 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக்கும், சக்கரம் உருளாமல் சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும் உள்ளன. பனியும் சாரலும் ஒன்றாக இறங்கும் கேப் ரோட்டில், மண் சரிந்த ஈரத்தின் மீது பிரேக் பிடிக்க நேரும்போது, இந்த ஒரு காரணத்துக்காகவே புதியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஓசையின் ஈர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவையும் இதே சாலையில் கேட்க முடிகிறது. விடுமுறை நாட்களில் சைலன்சரின் உள்தடுப்புகளைக் குடைந்தெடுத்தும், வெற்றுக் குழாயைப் பொருத்தியும் வரும் வண்டிகள் மலைச்சரிவு முழுவதையும் அதிரவைக்கின்றன. இந்திய விதிப்படி 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி உற்பத்தியின்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. நிறுவனம் அமைத்த வடிவை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், குடைந்த சைலன்சர் அடிகளின் கூர்மையைப் பெருக்கி அவற்றின் கீழுள்ள கனத்தை அழித்துவிடுகிறது; தாளம் போய் வெடிச்சத்தம் மிஞ்சுகிறது. பழைய புல்லட்டின் நீண்ட சைலன்சர் உண்மையில் சத்தம் குறைந்தது, நின்று பேசத்தக்க ஒலி அது. மெதுவான அடிக்கு ஆசைப்பட்டு டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும் வழக்கமும் கெடுதலானதே. தீப்பொறி தாமதமாக விழுவதால் புகை சூடாகி வளைகுழாய் நீலம் பாரிக்கிறது, சுற்று மிகக் குறைவதால் ஆயில் பம்பும் தளர்ந்து, மேலுறுப்புகளுக்கு ஆயில் போதாமல் போகிறது.

இந்த ஓசை எட்டும் ஆனயிறங்கலும் அதன் அருகிலுள்ள சின்னக்கானலும் யானைகளின் வழித்தடங்கள். அரிக்கொம்பன் என்ற ஆண் யானை 2023 ஏப்ரலில் இப்பகுதியிலிருந்துதான் பெரியாறு காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆசிய யானைகள் மனிதச் செவிக்குப் பெரும்பாலும் எட்டாத, நொடிக்கு 14 முதல் 24 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரையிலான தாழ்ந்த ஒலிகளால் ஒன்றையொன்று அழைப்பதைக் கேட்டி பெய்ன் முதலிய ஆய்வாளர்கள் 1980-களில் கண்டறிந்தார்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 முதல் 2,900 சுற்று வரை ஓடும்போது நொடிக்கு எழும் வெடிப்பின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இதே எல்லைக்குள் விழுகிறது, மூணாறு ஏற்றத்தில் புல்லட் பெரும்பாலும் ஓடுவதும் இந்தச் சுற்றில்தான். தன் வீட்டு வாசலில் தன் குரலின் அளவையிலேயே ஒருவர் இரைவதை எந்த உயிரும் விரும்பாது. இந்தக் காட்டோரத்தில் சைலன்சரைத் திறந்துவிட எந்த ரசனையும் நியாயம் சொல்ல முடியாது.

எஸ்டேட்டுக்கும் கடைவீதிக்கும் அன்றாடம் போய்வர, மனைவி மக்களை ஏற்றிச் செல்ல, மழையில் நம்பி இறங்கப் புதிய புல்லட்டே தகுந்தது, அதில் ஐயத்துக்கு இடமில்லை. எஞ்சினோடு பேசிப் பழக நேரமும், ஸ்பேனர் பிடிக்கக் கையும் உள்ளவருக்கு வார்ப்பிரும்புப் புல்லட் தருவதை ஜே வரிசையோ, அதைவிட விலையுயர்ந்த எந்த ஸ்போர்ட்ஸ் காரோ தரப்போவதில்லை. அவர் ஏற்றத்துக்கு முன் பிரேக் கட்டைகளின் கனத்தையும் கிளட்ச் ஒயரையும் பார்த்துக்கொண்டு, கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றிவிட்டால் ஊசி சற்று இறங்கிக் கலவை மெலியும், மூணாறில் அடி குழறாது. கீழே போடிக்குத் திரும்பியதும் கிளிப்பை மறவாமல் பழைய பள்ளத்துக்கே மாற்ற வேண்டும். மெலிந்த கலவையோடு தேனி வெயிலில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிவிடும்.