கல்லின் சாட்சியம் எதுவரை?

தமிழ்ப் பெண்களின் மேலாடை வரலாறு பெரும்பாலும் சிற்பங்களைக் காலவரிசையில் அடுக்கியே எழுதப்படுகிறது. அம்முறையின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரச் சோதிக்க மதுரையை அடுத்த திருப்பரங்குன்றம் தக்க இடம். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்துக் குடைவரை அது. கல்வெட்டின் ஆண்டு பொ.ஆ. 773. சாத்தன் கணபதி திருப்பணி செய்ததையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் (மூதேவிக்கும்) கோயில் எடுத்ததையும் அது பதிவுசெய்கிறது. காலம் உறுதி, கொடையாளி உறுதி. சிற்பச் சான்றுக்கு இதைவிட நல்ல அடித்தளம் அரிது. ஆயினும் கொற்றி எடுத்த தெய்வங்களின் உடையே கொற்றியின் உடை என்று கொள்ள அங்கே இடமில்லை.

தென்னகப் படிம மரபில் திருமகளுக்கு மார்புக்கச்சு உண்டு, நிலமகளுக்கு இல்லை. ஒரே பட்டறையில் ஒரே காலத்தில் வார்த்த இணைப் படிமங்களிலும் இவ்வேறுபாடு நிற்கும். ஆக, கச்சு அங்கே தேவியை அடையாளம் காட்டும் இலக்கணம். அதைக் கொண்டு பெண்கள் மார்பை மறைத்தார்களா, இல்லையா என வாதிடும் இரு தரப்புமே முறையில் பிழைபட்டவை.

கழுத்தணிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஏகாவல்லி (ஒற்றைச்சர மாலை), தாலி முதலியவற்றை எடையோடும் மணிகளின் கணக்கோடும் பட்டியலிடுகின்றன. படிமத்தையும் பட்டியலையும் ஒப்பிட்டு முடிவு சொல்லலாம். அக்காலத் துணிக்கு அப்படியொரு மறுசான்று இல்லை.

மேற்சீலைக்கு வலுவான சான்று பிற்கால அரசாணைகளில் இருக்கிறது. திருவிதாங்கூரின் 1829 அறிவிப்பு நாடார் கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை (சட்டையை) அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் வந்த 1859 அறிவிப்பும் மார்பை மறைக்க இசைந்ததேயன்றி, மேல்சாதிப் பெண்களைப் போல் அணிவதற்கு இசையவில்லை. தோளில் விழும் ஒரு துணி சாதித்தரத்தின் அளவுகோலாயிருந்ததை எந்தச் சிற்ப வரிசையும் இவ்வளவு துலக்கமாகக் காட்டாது. அறிவிப்புகளுக்கும் குறையுண்டு: நெசவு, நீளம் பற்றி அவை விரித்துப் பேசா, மதுரைச் சமவெளிக்கு அவற்றை அப்படியே நீட்டவும் முடியாது.

எனவே தீர்ப்பு இது: அணிகலன் வரலாற்றுக்குச் சிற்பம் முதற்சான்று, மேலாடை வரலாற்றுக்கு அது துணைச்சான்று மட்டுமே. சிற்ப அடுக்குமுறை உழைப்பால் மதிக்கத்தக்கது, மேலாடை பற்றிய முடிவுகளால் நம்பத்தக்கதன்று. யார் எதை அணியலாம் என்று விதித்தவர் யார் என்ற கேள்வியைத் தொடாத உடை வரலாறு வெறும் படத்தொகுப்பாகவே நிற்கும்.