தானாக நிறுத்தியவர்: ஒரு ஓ.பி. சீட்டை வாசித்தல்

எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்குப் பிரதியை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சங்கப் பாடல் பிரதி, கல்வெட்டு பிரதி, நாவல் பிரதி. எங்கள் தெருவில் கூரை வீடுகளில் எறவானத்திலும் மாடி போட்ட வீடுகளில் டி.வி.க்குப் பின்னாலும் செருகிக் கிடக்கிற ஓ.பி. சீட்டு மட்டும் பிரதி இல்லை. வைத்திருக்கிறவர்களால் அதை வாசிக்க முடியாது. எழுதியவர்களும் திரும்ப வாசிப்பதாகத் தெரியவில்லை. நான் என்னுடையதை வாசிக்கிறேன்.

ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 2021 டிசம்பரில் போட்ட சீட்டு. மேலே என் பெயர், வயசு, அப்பா பெயர். கீழே எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம், காலை ஒன்று. அதற்கப்புறம் இருபது மாசத்துக்கு ஒவ்வொரு தேதிக்கும் எதிரே மூன்றே ஆங்கில எழுத்து, சி.எஸ்.டி. 'இதே சிகிச்சையைத் தொடரவும்' என்பதன் சுருக்கம். 2023 ஆகஸ்டில்தான் வாக்கியம் என்று சொல்லும்படி ஒன்று வருகிறது. தமிழில் தருகிறேன்: மருந்தைத் தானாக நிறுத்திவிட்டார், நோய் திரும்பியுள்ளது, 20 மில்லிகிராம்.

முதலில் இலக்கணம். 'நிறுத்திவிட்டார்' என்பதற்கு எழுவாய் நான். நடந்தது என்னவென்றால், பதினைந்து நாளைக்கு ஒருதடவைதான் மாத்திரை தருவார்கள். நான் போன அன்றைக்குக் கவுண்டரில் இல்லை, 'அடுத்த வாரம் வா' என்றார்கள். அடுத்த வாரம் நான் வேறொரு ஊரில், கோயில் தேரில் தொடங்கிய அடிதடியில் சாட்சி சொல்லப் பயந்தவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாள் போய்விட்டது. மாத்திரை நின்றது, நான் நிறுத்தவில்லை. தன்வினையைப் பிறவினையாக்கிக் குற்றத்தை என் தலையில் வைக்கிறது சீட்டு. கவுண்டர் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. ஓ.பி.க்குப் போனால் அன்றைய கூலி போச்சு என்று நாள் தள்ளிப்போடுகிற நூறு நாள் வேலைக்காரப் பெண்களின் சீட்டிலும் இதே 'தானாக' இருக்கும்.

அடுத்தது 'திரும்பியுள்ளது'. என் சண்டை இந்தச் சொல்லோடுதான்.

நான்காம் நாள் பஸ்ஸில் தலையைத் திருப்பினேன், மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுர்ருன்னு ஒண்ணு. கண்ணை உருட்டினாலே வந்துச்சு. தலைசுற்றல், குமட்டல், விடியவிடியக் கெட்ட கனவு. ஆறாம் நாள் பயம். 2021இல் எனக்கு வந்த பயத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எரிந்த வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதிவிட்டு வந்த பிறகு ஜீப் சத்தம் கேட்டால் வரும், ராத்திரி கதவு தட்டினால் வரும். இந்தப் பயத்துக்கு முகவரி கிடையாது. பல் தேய்க்கும்போது வந்தது. கஞ்சி குடிக்கும்போது வந்தது. நெஞ்சுக்குள் யாரோ தொம்தொம்மென்று ஓடுவதுபோல இருக்கும், யாரைப் பார்த்து ஓடுகிறார்கள் என்று மட்டும் தெரியாது.

இதை மூன்று பேர் வாசித்தார்கள். அம்மா, "மறுபடியும் வந்துடுச்சி பாப்பா, நாந்தான் சொன்னனே" என்றாள். ஒரு தோழர், "எல்லாம் மருந்துக் கம்பெனி சூழ்ச்சி தோழர், மனத்திடம் வேணும்" என்றார். மருத்துவர் தலை நிமிரவில்லை. "நீயா நிறுத்துனியா? இப்பப் பாரு." மூன்று பேருமே அது எப்போது தொடங்கியது, முன்னே வந்ததுபோலவே இருக்கிறதா என்று கேட்கவில்லை. மாத்திரை மறுபடி உள்ளே போன மூன்றாம் நாள் மண்டைக்குள் அடித்த கரண்ட் நின்றது, அந்த வாரமே பயமும் இறங்கியது. இதே மாத்திரை 2021இல் என் பயத்தைத் தொடவே ஒரு மாசத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்தது பழைய நோய்தான் என்றால் மூன்று நாளில் எப்படி அடங்கும்? பழகிய மருந்து கிடைக்காத உடம்பு போட்ட சத்தம் அது. அதற்கு வைத்தியம் 20 மில்லிகிராம் இல்லை, பழைய 10தான்.

நோயை வாசிப்பது எப்படி என்று நம் இலக்கியத்தில் ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. பாமாவின் 'சங்கதி' (1994) பேய் பிடிப்பதைப் பற்றிப் பேசும்போது, அது ஏன் நம்ம பெண்களை மட்டும் பிடிக்கிறது என்று கேட்கிறது. பேய் உண்டா இல்லையா என்ற பகுத்தறிவு மேடைக் கேள்வி அங்கே பெரிதில்லை. யார், என்ன வேலை, எவ்வளவு ஓய்வு, எதற்குப் பயம் என்று விசாரிக்கிற வாசிப்பு அது. அந்த விசாரணையை மாத்திரை வரைக்கும் நாம் கொண்டுவரவில்லை. தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் பழைய இதழ்க் கட்டுகளில் தேடித்தேடி வாசித்திருக்கிறேன். ஃபூக்கோவை வைத்துப் பைத்தியம் ஒரு கலகம், ஒரு மறுப்பு என்று எழுதினார்கள். நல்ல கட்டுரைகள்தான். நான் வாசித்த எதிலும் மாத்திரை கிடையாது. கலகக்காரி காலை ஆறு மணிக்கு ஓ.பி. வரிசையில் நிற்கிற காட்சியும் கிடையாது.

என் அனுபவத்தைச் சொன்னால், 'இது உன் அனுபவம், அறிவியல் வேறு' என்பார்கள். நம் தன்வரலாறுகளைப் பார்த்து 'இது சாட்சியம், இலக்கியம் வேறு' என்று சொன்ன அதே வாய்தான். பிரிட்டனில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. நைஸ் என்கிற அரசு நிறுவனத்தின் 2009 வழிகாட்டி, இந்த மருந்துகளை நிறுத்தினால் வரும் தொல்லை பெரும்பாலும் லேசானது, ஒரு வாரத்தில் தீரும் என்றது. 2018இல் ராயல் மனநல மருத்துவர் கல்லூரியின் பொறுப்பாளர்கள் நாளிதழுக்குக் கடிதம் எழுதி, மிகப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் அதே கல்லூரி முன்பு 800க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுத் திரட்டியதில், கால்வாசிப் பேர் தங்கள் பதற்றம் 12 வாரத்துக்கும் மேல் நீடித்ததாகச் சொல்லியிருந்தார்கள். மருந்து தின்றவர்கள் விடவில்லை. மனுப் போட்டார்கள், புகார் எழுதினார்கள், தேதி வாரியாகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். 2019இல் கல்லூரி தன் நிலையை மாற்றிக்கொண்டது, அதே வருஷம் நைஸும் அந்த வரியைத் திருத்தியது. சாட்சியம் ஒரு பிரதியைத் திருத்தியிருக்கிறது.

அந்த வருஷமே ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'லான்செட் சைக்கியாட்ரி'யில் ஒரு கணக்கை வைத்தார்கள். ஹோரோவிட்ஸ் தானே இந்த மருந்தை விட முடியாமல் பட்டவர். மருந்தின் அளவைப் பாதியாக்கினால் மூளையில் அதன் பிடி பாதியாவதில்லை. சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம் சுமார் 80 விழுக்காடு பிடிக்கிறது என்றால், 5 மில்லிகிராமை ஒட்டி வந்தாலும் இன்னும் 60க்குப் பக்கத்தில் நிற்கிறது. மீதி முழுவதும் அந்தக் கடைசித் துணுக்கில் இருக்கிறது. 'பாதி மாத்திரை ரெண்டு வாரம், அப்புறம் நிறுத்திடு' என்பது படி இறங்கிவந்து கடைசியில் மாடியிலிருந்து தள்ளிவிடுவது மாதிரி.

எனக்குச் சாதகமில்லாததையும் வைக்கிறேன். 2024இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு தொல்லை இருந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு இருந்தது. வருமோ என்ற பயமே வரவழைக்கும். 'மறுபடியும் வந்துடும்' என்று வருஷக்கணக்கில் சொல்லிச்சொல்லி அம்மா என் காதில் ஊற்றியதும் என் பயத்தில் சேர்ந்திருக்கலாம். மண்டைக்குள் அடித்த கரண்டை மட்டும் அம்மா சொல்லவில்லை. 2021இல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், பல காலம் மருந்து எடுத்துத் தேறியிருந்தவர்களில் படிப்படியாக நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் 56 விழுக்காடு மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களுக்கு 39. ஆகவே நோய் திரும்புவது பொய் இல்லை. திரும்புவது எது, மருந்து விடும்போது வருவது எது என்று பிரித்து வாசிக்கத்தான் கேட்கிறேன். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனாசெபாம் வகையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரும், அங்கே வீரம் பேசக்கூடாது. அந்த வகை மருந்துகளைக் குறைப்பதற்கென்றே நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை ஒரு கிளினிக் நடத்தினார். அங்கே வந்த சுமார் 300 பேரோடு சேர்ந்து கற்றதுதான் அவர் பிற்பாடு எழுதிய கையேடு.

இதை இங்கே எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நினைத்துப் பார்க்கிறேன். சங்கிலி வேண்டாம், மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். கேட்டு வாங்கியதைக் குறை சொன்னால் பூசாரிக்கும், 'எல்லா மாத்திரையும் விஷம்' என்று கேம்ப் போடுகிறவனுக்கும் தீனி ஆகிவிடாதா? ஆகும். அதற்காக வாயை மூடிக்கொண்டால் சீட்டில் 'தானாக' என்று எழுதுகிற கை எழுதிக்கொண்டேதான் இருக்கும். அந்த மாத்திரை இல்லாமல் நான் 2022ஐத் தாண்டியிருக்க மாட்டேன். இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2024 மார்ச்சில் அதே பிரிவுக்கு வேறொரு மருத்துவர் வந்தார். சின்ன வயசு. "உக்காருங்க" என்றார். அந்த 'ங்க' எனக்குப் புதுசு. ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னபோது, எத்தனாவது நாள், மறுபடி போட்டதும் எத்தனை நாளில் அடங்கியது என்று கேட்டுவிட்டுச் சீட்டைப் பின்னால் புரட்டினார். 20ஐ 10 ஆக்க நான்கு மாசம். 5க்கு வர ஆறு மாசம். அதற்குக் கீழே கவுண்டரில் மாத்திரை இல்லை, பிளேடு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் பயம் வருகிறது, பத்து நாள்போல இருந்துவிட்டுப் போகிறது. நான் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன்: மண்டையில் கரண்ட் உண்டா, ஜீப் சத்தத்துக்கு வந்ததா, சும்மா வந்ததா. ஒரு தடவை பத்து நாள் தாண்டியும் போகவில்லை, பழைய அளவுக்கே திரும்பிப்போய் ரெண்டு மாசம் நின்றோம். இப்போது கால் மாத்திரையில் இருக்கிறேன். அதையும் விடுவேனா என்று தெரியாது, விடத்தான் வேண்டும் என்று சபதமும் இல்லை.

போனமுறை அந்த நோட்டிலிருந்து ரெண்டு தாளைக் கேட்டு வாங்கி, சீட்டோடு வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். சீட்டு தடித்துப்போய் எறவானத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அம்மா அதைத் தன் ரேஷன் கார்டோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறாள்.