‘அஜைல்’: ஒரு விஞ்ஞாபனமும் அதன் வாசிப்பும்

மென்பொருள் விருத்தித் துறையில் ‘அஜைல்’ என்னும் சொல் ஏறத்தாழ ஒரு மந்திரத்தின் நிலையை எய்தியுள்ளது. அதற்கு மூலமான ஆவணமோ மிகச் சிறியது. 2001 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிச்சறுக்கு விடுதியொன்றிற் கூடிய பதினேழு பேர் அதனை வரைந்தனர். அதுவரை ‘பாரங்குறைந்தவை’ என வழங்கிய தம் முறைகளுக்கு, விரைந்து வளைந்துகொடுக்கும் இயல்பைச் சுட்டும் இப்பெயரை அவர்கள் தெரிந்தனர்.

விஞ்ஞாபனத்தின் வாக்கிய அமைப்பு ஊன்றி நோக்கற்பாலது. திட்டம், ஆவணம், ஒப்பந்தம், செயன்முறை ஆகியவற்றுக்குப் பயனுண்டு என ஏற்றுக்கொண்டே, அவற்றினும் மேலானவை சில உள என அது கூறுகின்றது. இவை ஒப்பீடுகளேயன்றி மறுப்புகளல்ல. ஆவணமே வேண்டாமென வாதிடுவோரும், திட்டமின்மைக்கு இட்ட பெயரே அஜைல் எனப் பரிகசிப்போரும் ஒப்பீட்டை மறுப்பாக வாசித்தவர்களே.

எதிர்த்தரப்புக்கும் இத்தகைய வாசிப்பே வாய்த்தது. ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்ததைத் தொடங்கும் ‘நீர்வீழ்ச்சி’ முறையின் தந்தையாக, 1970இல் வெளிவந்த கட்டுரையொன்றின் பொருட்டு வின்ஸ்டன் றோய்ஸ் குறிப்பிடப்படுகின்றார். அக்கட்டுரையில் அச்சொல்லே இல்லை. அவ்வொழுங்கை அப்படியே பின்பற்றுதல் அபாயகரமானது என்றும், புதுவகை மென்பொருளை இருமுறை ஆக்கிப் பார்த்தல் நன்று என்றும் அவர் எழுதினார். கட்டுரையிலுள்ள படத்தைப் பார்த்தோர் பலர். வாசித்தோர் சிலர் போலும்.

பயன்படுத்துவோன் தனக்கு வேண்டியதை, இயங்கும் ஒன்றைக் கண்ணாற் கண்ட பின்னரே தெளிவாக அறிகின்றான். எனவே சிறிது ஆக்கி, காட்டி, திட்டத்தைத் திருத்துவதே அஜைலின் சாரம். அவ்வாறாயின் திட்டத்தைத் திருத்தும் உரிமை யாருடையது? இவ்வினாவிலேயே நிறுவனங்கள் இடறுகின்றன. ‘ஸ்க்ரம்’ முறையின் பதினைந்து நிமிட நாளாந்தக் கூட்டம், வேலை செய்வோர் தமக்குள் அன்றைய வேலையை ஒழுங்குசெய்வதற்கானது. பல இடங்களில் அது முகாமையாளரிடம் ஒவ்வொருவராகக் கணக்கொப்புவிக்கும் சடங்காகிவிட்டது. வேலையின் பருமனை உத்தேசமாக மதிப்பிட எழுந்த புள்ளிகள், குழுக்களின் உழைப்பை அளக்கும் கோலாயின. முடிவுத் திகதியும் செய்யவேண்டியவற்றின் முழுப்பட்டியலும் மேலிடத்திலேயே முன்கூட்டி நிர்ணயிக்கப்படுகின்றன. இரு வாரச் சுற்றுகள் மாத்திரம் கீழே சுழல்கின்றன.

கைச்சாத்திட்டோரே இதனைக் கண்டித்துள்ளனர். பண்பைக் குறித்த சொல் விற்பனைக்குரிய பெயராகிவிட்டதென 2014இல் டேவ் தோமஸ் அதனைக் கைவிடக் கோரினார். பெயரளவிலான அஜைலிலிருந்து விலகுமாறு 2018இல் றொன் ஜெஃப்றிஸ் மென்பொருளாளருக்கு அறிவுறுத்தினார். எனினும் குற்றம் முழுவதையும் நிறுவனங்கள்மீது சுமத்துதல் பொருந்தாது. ஊக்கமுள்ளோரை நம்பி வேலையை ஒப்படைக்குமாறு கேட்கும் விஞ்ஞாபனம், அந்நம்பிக்கை வழங்கப்படாதவிடத்துச் செய்யத்தக்கது யாதெனக் கூறவில்லை. அதனை ஆக்கியோருட் பலர் ஆலோசகர்கள், நூலாசிரியர்கள். பதினேழு பேரும் ஆண்கள். அழைக்கப்பட்ட விருந்தாளியாக நிறுவனத்துள் நுழையும் ஆலோசகனுக்கு அதிகாரம் ஒரு பிரச்சினையாகத் தோன்றாமலிருந்திருக்கலாம். மாதச் சம்பளத்திற் பணிபுரியும் பொறியியலாளனின் நிலை வேறு. சுற்றின் முடிவில் வாடிக்கையாளர் ஓர் அம்சம் தமக்கு வேண்டாமென்று கூறினால், அதனை அன்றே கைவிடும் அதிகாரம் அவனுக்கு உண்டா என்பதைக் கொண்டே அவனது நிறுவனத்தின் அஜைல் எத்தகையதென அறிதல் கூடும்.