பெட்டியில் இல்லாதவர்கள்

பொம்மைத் துப்பாக்கியையும் பொம்மைச் சிப்பாயையும் அச்செடுத்து, வெண்கலத்திலோ பிசினிலோ வார்த்து, போரைப் பற்றிய சிற்பமாக நிறுத்தும் முறையின்மேல் எனக்கு மதிப்பும் உண்டு, தீராத மனக்குறையும் உண்டு.

மதிப்புக்குக் காரணம் வார்ப்புதான். உலோகச் சிப்பாய்ப் பொம்மை பிறந்ததே அச்சில். 1893இல் லண்டனின் ‘பிரிட்டன்’ பொம்மை நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கொட்டிவிடுவார்கள். எஞ்சுவது மேல்தோல் மட்டும், உள்ளே வெறுமை. ஈயம் மிச்சம், விலையும் மலிவு. ஒரே அச்சிலிருந்து ஒரே முகத்தோடு ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப்போரில், 1942இல், அமெரிக்காவில் உலோகப் பொம்மைத் தயாரிப்பு தடைசெய்யப்பட்டு, அந்த உலோகம் ஆயுத ஆலைகளுக்குப் போனது. பொம்மையும் தோட்டாவும் ஒரே உலோகத்துக்குப் போட்டியிட்ட வரலாறு இது. ஆகவே சிற்பி பொம்மையை மறுபடி உலைக்களத்துக்குக் கொண்டுபோகும்போது அதன் பிறப்பிடத்துக்கே கொண்டுபோகிறார். ஆளை ஆளாகப் பார்க்காமல் எண்ணிக்கையாகப் பார்க்கும் போரின் குணத்தை அச்சும் பிரதியும் விளக்கமின்றியே காட்டிவிடுகின்றன.

குறை வெண்கலத்தில் தொடங்குகிறது. கையில் காற்றாய்க் கனக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி திடீரென்று பாரமாகிறது. குழந்தைமையும் கொலையும் ஒரே பொருளில் என்ற திடுக்கிடல் பார்ப்பவருக்குக் கிடைக்கிறது. பல படைப்புகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. போர் கொடியது என்று ஏற்கெனவே நம்புபவர்தான் கலைக்கூடத்துக்கு வருகிறார், வந்தபடியே திரும்புகிறார். மெருகேறிய வெண்கலம் ஆயுதத்துக்கு அழகையும் கூட்டிவிடுகிறது. கலைஞர் அர்மான் 1960இல் செய்த ‘பூம்! பூம்!’ இந்தப் பொறியில் சிக்கவில்லை. அவர் எதையும் வார்க்கவில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கிகளை அப்படியே கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்தார். மலிவு மலிவாகவே இருந்தது. கடைத்தெருவில் ஆயுதம் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பது அந்த நெரிசலில் தெரிந்தது.

அச்சைத் திருத்தும்போதுதான் இந்த முறை உண்மையில் கூர்மை பெறுகிறது என்பது என் துணிபு. பிரிட்டன் நாட்டின் ‘டோரதி’ கலைக்குழு செய்த ‘கேஷுவல்டிஸ் ஆஃப் வார்’ இதற்குச் சான்று. ஈராக்கிலிருந்து அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பிய ஒரு படைப்பிரிவில் பெருகிய கொலைகளையும் தற்கொலைகளையும் பற்றி 2009இல் வந்த பத்திரிகைச் செய்தியே அதன் வித்து. எல்லாருக்கும் பழக்கமான பச்சைச் சிப்பாய், ஆனால் சக்கர நாற்காலியில். இன்னொருவன் துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பியபடி. பொம்மைத் தொழிற்சாலை வார்க்காமல் விட்ட நிலைகள் அவை.

அங்கும் ஒன்று உறுத்துகிறது. அந்தச் சிப்பாய்கள் போரிட்ட ஈராக்கின் மக்களுக்கு அங்கே உருவமே இல்லை. பொம்மைப் பெட்டியில் அகதி கிடையாது, குண்டு விழுந்த வீட்டுக்காரி கிடையாது. பொம்மையிலிருந்து தொடங்கும் கலை இந்த இல்லாமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. போரைச் சிப்பாயின் கதையாகவே சொல்லிப் பழகுகிறது. போரில் வீடிழந்தவரின் பக்கம் நின்று பார்த்தால் இது சிறிய குறையன்று.

கொலம்பியாவில் சிற்பி டோரிஸ் சல்செடோ 2018இல் முடித்த ‘ஃபிராக்மென்டோஸ்’ இங்கே நினைவுக்கு வருகிறது. ஃபார்க் கிளர்ச்சிப்படை ஒப்படைத்த உண்மை ஆயுதங்கள், ஏறத்தாழ 37 டன், உருக்கப்பட்டு பொகோட்டாவில் ஒரு கூடத்தின் தரையாக வார்க்கப்பட்டன. போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடித்தார்கள். அந்த அடிகள் பதிந்த தகடுகளிலிருந்தே வார்ப்புக்கான அச்சு எடுக்கப்பட்டது. பொம்மைப் பெட்டி விட்டுவிட்ட மனிதர்கள் இங்கே அச்சையே செய்கிறார்கள். துப்பாக்கியின் வடிவம் எங்குமே இல்லாததால் அதை வியந்து நிற்கவும் வழியில்லை. பார்க்க வருபவர் அதன்மேல் நடந்துதான் போக வேண்டும். ஒரு விலையும் உண்டு: சொல்லாவிட்டால் அது வெறும் கருந்தரை. பொம்மைத் துப்பாக்கியையோ ஐந்து வயதுக் குழந்தையும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும்.