போஸ்டர் பக்கத்தில் நின்று பாருங்கள்!

மென்பொருள் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் மேடைப் பேச்சுகளைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் போஸ்டர் கட்சி. 2024 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த பைகான் மாநாட்டில், ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க என் போஸ்டர் பக்கத்தில் நின்றேன். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: திறமூல மென்பொருள் எழுதுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது!

பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் அமெரிக்காவில் கூடுகிற மாநாடு அது. நடத்துவது பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை. தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குப் பயண உதவித்தொகையும் தருகிறார்கள். 2010-ல் அட்லாண்டாவில் கூடியபோதுதான் முதன்முதலாகப் போஸ்டர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள். முன்னின்று செய்தவர் வெர்ன் சீடர், பைத்தான் பாடநூல் எழுதியவர். அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. பிட்ஸ்பர்கில் அலகேனி ஆற்றங்கரையில் இருக்கிற மாநாட்டு மையத்தின் கண்காட்சிக் கூடத்தில் எங்கள் தட்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே வேலைவாய்ப்புச் சந்தை. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

என் போஸ்டரின் நடுவில் ஒரே ஒரு கேள்வியைத்தான் பெரிதாகப் போட்டிருந்தேன்: ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளை அது தனித்தனியாக எண்ணுகிறது. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் இன்னும் வேடிக்கை. புள்ளி ஒட்ட இடமில்லாமல் முன்னால் வந்து நிற்கும். மகரத்தோடு இருந்த இகரக் குறி ழகரத்துக்குத் தாவிவிடும். இதைச் சரிசெய்ய ‘ஓப்பன்-தமிழ்’ நூலகம் என்ன செய்கிறது, அதன் மேல் நான் என்ன கட்டியிருக்கிறேன் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் சின்ன எழுத்தில்.

வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் நின்றவர் ஒரு கொரியர். ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் பைத்தான் ‘வேறு வேறு’ என்று சொல்லிவிடும் என்று காட்டினேன். மனிதர் கைதட்டிச் சிரித்தார். அவர்களுடைய ஹங்குல் எழுத்துக்கும் இதே கதைதானாம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வலியைப் பேசிக்கொண்டு நின்றோம். அப்போது பின்னாலிருந்து, “அண்ணா, இது எங்கட தமிழல்லோ!” என்று ஒரு குரல். டொரொன்டோவிலிருந்து வந்திருந்த தங்கை. அரை மணி நேரம் எனக்குச் சமமாக நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள்!

ஆனால் மறக்கவே முடியாதவர் பிறகுதான் வந்தார். பேசாமல் முழு போஸ்டரையும் படித்தார். ‘ரீஜெக்ஸ்’ தொகுப்பை வைத்து எழுத்துகளைப் பிரிக்கிற பகுதியில் விரலை வைத்து, “க்ஷ என்ன ஆகும்?” என்று கேட்டார். அந்த எழுத்தைக் காகிதத்தில் வரைந்தும் காட்டினார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்! யூனிகோடு விதிப்படி அது க், ஷ என்று இரண்டாகத்தான் உடையும். 15.1 பதிப்பில் தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகளை உடைக்காமல் வைக்கப் புது விதி வந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தோம். மடிக்கணினியைத் திறந்தோம். ‘பக்ஷி’, ‘ஸ்ரீ’ இரண்டுக்கும் அங்கேயே சோதனை நிரல் எழுதி முடித்துத்தான் எழுந்தோம். மேடையில் பேசியிருந்தால் இது நடந்திருக்குமா? கேள்வி நேரத்தில் ஒருவர் மைக்கைப் பிடிப்பார், அடுத்தவர் கடிகாரத்தைக் காட்டுவார், முடிந்தது. போஸ்டருக்கு முன்னால் வருகிறவர் தானாக விரும்பி வருகிறார். அவருக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாத இடத்தில் பேச்சைத் தொடங்கலாம். இதுதான் என்னை அப்படியே அள்ளிக்கொண்டு போனது.

பெரிய கேள்வியை நடுவில் வைத்தது என் சொந்த யோசனை இல்லை. மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் 2019-ல் காணொளி போட்டுப் பரப்பிய வடிவம் அது: நடுவில் பெரிய எழுத்தில் ஒரே செய்தி, கீழே க்யூஆர் கோடு, விவரமெல்லாம் ஓரத்தில். போகிற போக்கில் பார்க்கிறவர் கால் நிற்பதே அந்த நடு வரிக்காகத்தான். அற்புதமான யோசனை, கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம். என் பக்கத்துத் தட்டிக்காரரும் அதையேதான் செய்திருந்தார். அவர் என் போஸ்டரைப் பார்த்துக்கொள்ள, நான் ஒரு சுற்று. நான் அவருடையதைப் பார்த்துக்கொள்ள, அவர் ஒரு சுற்று. எங்கே திரும்பினாலும் நிரலை எழுதியவரே பக்கத்தில் நிற்கிறார். கேட்டால் மூச்சுவிடாமல் சொல்கிறார். இந்தச் சந்தோஷத்தை எந்தக் காணொளியும் தராது.

பைகான் மட்டும் இல்லை. ஸைப்பை, யூரோபைத்தான், ஜூலியாகான் எல்லாவற்றிலும் போஸ்டருக்கு இடம் உண்டு. பாதி முடிந்த வேலையானாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். பாதி முடிந்த வேலைக்குத்தான் நல்ல கேள்விகள் வரும். காகிதம் வேண்டாம், துணியில் அச்சடியுங்கள். மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். தமிழ் எழுத்து இருந்தால், கடைக்குக் கொடுக்கும் முன் அத்தனையையும் அவுட்லைனாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் புள்ளி இடம் மாறிவிடும்.