உதட்டில் தொடங்கும் அட்டவணை

ஆங்கில வகுப்புகளின் சுவரில் தொங்கும் ஒலியன் அட்டவணைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஏட்ரியன் அண்டர்ஹில் வகுத்தது. அதை விளக்கும் அவருடைய 'சவுண்ட் ஃபவுண்டேஷன்ஸ்' நூல் 1994இல் வெளிவந்தது. அட்டவணையில் 44 ஒலிகள்: மேலே 20 உயிர், கீழே 24 மெய். எடுத்துக்காட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆப்பிள் படமும் பந்துப் படமும் இல்லை. ஓர் ஒலி எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அந்த இடமே அதை வாயில் எப்படிப் பிறப்பிப்பது என்று சொல்லிவிடுகிறது.

மெய்களின் முதல் வரிசையைப் பாருங்கள். உதடு சேரும் 'ப்'பில் தொடங்கி, மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொட்டு, 'சர்ச்'சின் சகரம் வழியாக அடிநாக்கில் பிறக்கும் 'க்'கில் முடிகிறது. நம் நெடுங்கணக்கோ க, ச, ட, த, ப என்று உள்ளிருந்து உதட்டுக்கு வருகிறது. பாதை ஒன்றுதான், திசைதான் வேறு. பிறப்பியலுக்கென்று தொல்காப்பியத்தில் ஓர் இயலே வைத்திருக்கும் நமக்கு இந்த அடுக்கு சட்டென்று பிடிபட வேண்டும். கடைசி வரிசையில் ம், ன் தாண்டி வால் முளைத்த ஓர் 'என்' நிற்கும். அது நம்முடைய ங். 'அங்கே' என்று சொல்லத் தொடங்கி, 'கே' வருமுன் நிறுத்தினால் கிடைக்கும் ஒலி.

ஒலிப்பில்லாததும் ஒலிப்புள்ளதும் அடுத்தடுத்த கட்டங்களில் ஜோடியாக இருப்பதும் வீணுக்கல்ல. தொண்டையில் விரல் வைத்து 'ஸ்' என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேர்த்தால் பாம்பின் சீறல் வண்டின் ரீங்காரமாகும். வலப்பக்கக் கட்டத்துக்குப் போய்விட்டீர்கள்.

உயிர்ப்பகுதிதான் இன்னும் நுட்பம். இடமிருந்து வலம் போகப்போக நாக்கு பின்வாங்கும், மேலிருந்து கீழே வரவர தாடை திறக்கும். மேல் இடமூலையில் 'ஷீப்'பின் ஈகாரம், அதன் பக்கத்திலேயே 'ஷிப்'பின் இகரம். தமிழ்க் காதுக்கு இது வெறும் நெடில், குறில். ஆனால் அட்டவணை நெடிலுக்கு இரண்டு புள்ளி வைத்ததோடு நிற்கவில்லை, எழுத்தின் உருவத்தையே மாற்றியிருக்கிறது. ஒன்று தலையில் புள்ளியுள்ள சின்ன ஐ, மற்றது புள்ளியில்லாமல் குட்டையாக நிற்கும் பெரிய ஐ. ஏனென்றால் 'ஷிப்' சொல்லும்போது நாக்கு சற்றே இறங்கித் தளர்கிறது. 'ஷீப்'பை எவ்வளவு குறுக்கினாலும் அது 'ஷிப்' ஆகாது. இதைப் பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட, ஆசிரியர் குச்சியால் இரண்டு கட்டங்களையும் மாறிமாறித் தொட்டுக் காட்டுவது மேல்.

நடு வரிசையின் இரண்டாம் கட்டத்தில் தலைகீழாகத் திருப்பிப்போட்ட ஈ எழுத்து. நாக்கு முன்னும் போகாது பின்னும் போகாது, உதடும் குவியாது. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் இதுதான், ஆனாலும் இதற்கென்று அரிச்சுவடியில் ஓர் எழுத்து இல்லை. 'பனானா' என்ற சொல்லில் ஏ என்ற எழுத்து மூன்று முறை வருகிறது. பிரிட்டிஷ் உச்சரிப்பில் நடுவிலிருப்பது மட்டும் வாய்திறந்த நீண்ட ஆ, ஓரங்களில் உள்ள இரண்டும் இந்தச் சோம்பல் ஒலி. அப்படி ஓரங்கள் ஒடுங்கக் காரணம் நடு அசையில் விழும் அழுத்தம். அந்த அழுத்தக் குறியோ வலது மேல்மூலையில், குரலின் ஏற்ற இறக்க அம்புகளோடு ஒரே கட்டத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. அதற்கு மட்டும் இன்னும் தாராளமாக இடம் கொடுத்திருக்கலாம்.