உருண்டுபோன ஏலக்காய் மூட்டை

'மேற்குத் தொடர்ச்சி மலை' என்னும் திரைப்படம் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்தது. லெனின் பாரதி இயக்க, விஜய் சேதுபதி தயாரிக்க, பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்த இப்படம், தேனி மாவட்ட மலையடிவார மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. படத்தைவிட, அதைக் கண்டோர் உள்ளத்தில் எழுந்த கலக்கமே இங்கு நம் ஆய்வுக்குரியது.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சபையொன்றில் வாலிபரோடும் முதியோரோடும் அமர்ந்து இப்படத்தைக் காண நமக்கு வாய்ப்புக் கிட்டியது. முடிந்தபின் சற்று நேரம் ஒருவரும் எழவில்லை. பின்னர் வாலிபர் ஒருவர், "கதை என்று ஒன்றும் இல்லையே, ஐயா" என்றார். சபை மூப்பர் ஒருவர், "இதில் நாம் கற்கவேண்டிய பாடம் என்ன?" என்று வினவினார். நெடுங்காலம் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றுவந்த அம்மையார் ஒருவர், "மூட்டை உருண்டப்போ என் வயிறு கலங்கிப்போச்சு" என்று மட்டும் கூறினார். நாமோ உடனே எழுந்து, நம்பிக்கையூட்டும் இறுதி ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தோம். அச்செய்கை இன்றும் நம்மை உறுத்துகிறது.

படத்தின் நாயகன் ரங்கசாமி நிலமற்ற சுமைகூலி. மலைத் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைச் சுமந்து இறங்குகிறவன். சிறிதளவேனும் சொந்த நிலம் வாங்கவேண்டும் என்பதே அவனது வாழ்நாள் ஆசை. அதற்கென அவன் நம்பியிருந்த மூட்டை ஒருநாள் மலைச்சரிவில் உருண்டு சிதறுகிறது. பின்னர் நிலம் கைக்கு வருகிறது. சிறைவாசமும் கடனும் சேர்ந்து அதைப் பறிக்கின்றன. இறுதியில், தன்னுடையதாயிருந்த மண்ணில் எழுந்துநிற்கும் காற்றாலைக்கு அவனே சீருடையணிந்த காவலாளியாகிறான். கேமரா மெல்ல மேலெழ, அவன் சிறிது சிறிதாகிக் கண்ணுக்கு மறைகிறான். வசனமில்லை, அழுகையுமில்லை.

"கதை இல்லை" என்ற வாலிபரின் கூற்றை முதலில் நோக்குவோம். படத்தின் நடை சுமையேற்றவனின் நடையாகும். ஏறுதல், இளைப்பாறுதல், மீண்டும் ஏறுதல் என்பதே அதன் ஒழுங்கு. போடிமெட்டிலும் கம்பமெட்டிலும் இன்று வாகனத்தில் விரையும் தலைமுறைக்கு இது பொறுமையைச் சோதிப்பதாகத் தோன்றலாம். எனினும், அந்த மெதுவான நடையில் பழகிய பின்னரே மூட்டை உருளும் கணம் நம்மைத் தாக்குகிறது.

மூப்பரின் வினா இன்னும் ஆழமானது. நிலமிழந்தவன் என்றதும் போதகராகிய நமக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அங்கே ஆகாப் உண்டு, யேசபேல் உண்டு. தீர்ப்புரைக்க எலியாவும் உண்டு. ரங்கசாமியின் நிலமோ விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடனாலும், கணக்கேட்டின் வரிகளாலும், முறையான ஆவணங்களாலும் கைமாறுகிறது. ஒரே ஒருவரைச் சுட்டி, "நீயே அந்த மனிதன்" என்று நாத்தான் கூறியதுபோல் கூறிவிட முடியவில்லை. பார்வையாளரின் அமைதியின்மைக்கு இதுவே காரணம் எனத் துணிகிறோம். தீர்க்கதரிசி வராத நாபோத்தின் கதை இது.

கொரிய இயக்குநர் லீ சாங்டோங்கின் 'மில்யாங்' (2007) திருச்சபையாரை இதே வகையில் கலங்கச் செய்யும் படமாகும். அதன் கதாநாயகியாக நடித்தவர் அவ்வாண்டு கான் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். மகனைக் கொலையில் இழந்த தாயொருத்தி விசுவாசத்திற்கு வந்து, கொலையாளியை மன்னிக்கச் சிறைக்குச் செல்கிறாள். தேவன் தன்னை ஏற்கெனவே மன்னித்துவிட்டதாக அவன் அமைதியாகக் கூற, அவள் உடைந்துபோகிறாள். இது சபையை ஏளனம் செய்யும் படம் எனக் கொள்வாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. துயரம் பேசி முடிக்குமுன் ஆறுதல் முந்திக்கொள்வதால் விளையும் கேட்டையே அது காட்டுகிறது. அந்தச் சிறைக் காட்சியும் நமது இறுதி ஜெபமும் ஒரே அவசரத்தின் இரு வடிவங்கள்.

தமிழ்ப் படத்தில் குறைகளும் உள. கொலையும் சிறையும் இடம்பெறும் பகுதி, முற்பகுதியின் நிதானத்தைக் கைவிட்டு விரைகிறது. கணவன் சிறையிலிருந்த ஆண்டுகளில் மனைவி ஈஸ்வரி சுமந்த பாரம் சில காட்சிகளில் அடங்கிவிடுகிறது. மூட்டையின் எடையை அவ்வளவு கவனமாகக் காட்டிய படம், அவள் சுமையையும் அவ்வாறே காட்டியிருக்கலாம்.

கண்ணீரைத் துடைக்கும் நற்செய்தியை நாம் கைவிடவேண்டும் என்பது நமது கருத்தன்று. புலம்பல் ஆகமம் வேதத்தில் இடம்பெற்றுள்ளது. அதன் கடைசி வசனமும் ஆறுதலோடு முடியவில்லை. கடனில் நிலமிழந்த வீட்டிற்குச் செல்லும் ஆயர், வேதபுத்தகத்தைத் திறக்குமுன் அவ்வீட்டாரின் கணக்கைக் கேட்டறிதல் நலம்.

அந்த அம்மையாரை நாம் பின்னொருநாள் சந்தித்து, அன்று ஏன் வயிறு கலங்கிற்று என்று கேட்டோம். அவர் பேசி முடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அன்று நாம் ஜெபத்தை இறுதியில் அவரையே செய்யச் சொன்னோம்.